கேக் டப்பாவோடு பிரெமன் போனவள்

ஹில்காவுக்குப் பொய் சொல்ல வராது என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தவள் நான். என் முகத்தில் நன்றாகக் கரியைப் பூசினாள். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பார்கள் என்று கேள்விப்பட்டிருக்கிறேன். இவள் ஒரு முழு ஆப்பிள் கேக்கையே மறைத்தாள், அதுவும் என் மூக்குக்கு முன்னால் சுட்டு எடுத்துவிட்டு.

குரோனிங்கனில் ஒரு பழைய வீட்டை நாங்கள் நான்கு பேர் வாடகைக்கு எடுத்திருக்கிறோம். நான்கு பேரும் பல்கலைக்கழகத்தில் படிக்கிறவர்கள். ஹில்காவின் அறை என் அறைக்கு அடுத்தது. சுவர் அவ்வளவு மெலிசு, அந்தப் பக்கம் அவள் தும்மினால் இந்தப் பக்கம் நான் ‘நூறு’ என்பேன். ஜூன் மாதம் ஒரு சனிக்கிழமை அவளுக்கு இருபத்தொரு வயது. முதல் நாள் சாயங்காலம் எங்கள் சமையலறையில் நின்று கேக் சுட்டாள். பட்டை வாசனை மாடிப்படி ஏறி என் அறைக்கே வந்துவிட்டது. விடுவேனா, இறங்கி வந்துவிட்டேன்.

“எங்கடி பிறந்தநாள் வட்டம்? அம்மா வீட்லயா, அப்பா வீட்லயா?”

“அம்மா வீட்ல. ரெண்டு பேரும் சேர்ந்து வைக்கிறாங்க.”

“சேர்ந்தா? உங்க அப்பா அம்மாவா? நாளைக்கு மழை கொட்டப்போகுது பாரு.”

“கொட்டட்டும் மேரெல். நீ முதல்ல அந்த மாவுக் கிண்ணத்தை நக்கறதை நிறுத்து.”

கண்ணைக்கூடச் சிமிட்டவில்லை, படுபாவி.

எங்கள் வட்டத்தைப் பார்த்து வெளியூர்க்காரர்கள் சிரிப்பார்கள். சிரிக்கட்டும், எங்களுக்கென்ன. பிறந்தநாள் என்றால் கூடத்தில் நாற்காலிகளை வட்டமாகப் போட்டு உட்காருவோம். உள்ளே வருகிறவர் பிறந்தவளுக்கு மட்டும் கை கொடுத்தால் ஆகாது. அவள் அம்மாவுக்குக் கை கொடுத்து “உங்க மகளுக்கு வாழ்த்துகள்” என்று சொல்ல வேண்டும். அப்பாவுக்கும் அதே. அத்தைக்கு “மருமகளுக்கு வாழ்த்துகள்.” பக்கத்து வீட்டுக்காரருக்கு “பக்கத்து வீட்டுப் பெண்ணுக்கு வாழ்த்துகள்.” வட்டத்தில் ஒருவர் விடாமல் எல்லாருக்கும் கை கொடுத்து முடித்த பிறகுதான் காப்பி, ஆளுக்கு ஒரு துண்டு கேக். பிறந்தது ஒருத்தி, கை வலி பதினாறு பேருக்கு. அந்தக் கேக்கைப் பிறந்தவள்தான் கொண்டுவர வேண்டும். கேக் இல்லாமல் பிறந்தநாள் கொண்டாடினால் கஞ்சப்பிசினாரி என்ற பெயர் சாகிறவரை போகாது.

ஹில்காவின் அப்பா ஹார்மும் அம்மா ரென்ஸ்காவும் போன வருஷம் பிரிந்துவிட்டார்கள். இரண்டு பேருமே தங்கமான மனுஷர்கள், தனித்தனியாகப் பார்த்தால். சேர்த்துப் பார்த்தால் எலியும் பூனையும். இருவரும் இதே ஊரில்தான் இருக்கிறார்கள், ஆனால் ஒருவர் போகிற கடைக்கு மற்றவர் போவதில்லை. “வட்டம் என் வீட்லதான், அந்த ஆள் வாசப்படி மிதிக்கக்கூடாது” என்று அம்மா சொல்லிவிட்டார். அப்பா ஒரு சைக்கிள் கடைக்கு மேலே ஒற்றை அறையில் இருக்கிறார். அவர் மடக்கு நாற்காலிகள் வாங்கி வைத்துக்கொண்டு, “நெருக்கி உக்காந்தா எட்டுப் பேர் உக்காரலாம்மா” என்று மகளுக்குப் போன் செய்தார். இவள் இருதலைக் கொள்ளி எறும்பாகத் தவித்துவிட்டு, வீட்டுப் பசங்க எனக்கு வட்டம் வைக்கிறார்கள், மறுக்க முடியவில்லை என்று இரண்டு பேரிடமும் சொல்லிவிட்டாள். எங்களிடம் அம்மா வீடு என்றாள். சனிக்கிழமை காலையில் கேக் டப்பாவை எடுத்துக்கொண்டு, எல்லை தாண்டி ஜெர்மனிக்கு, பிரெமனுக்குப் பஸ் ஏறிவிட்டாள். மாணவர் சலுகையில் டிக்கெட் மலிவு. அந்த ஊரில் அவளுக்கு ஈ காக்கைகூடத் தெரியாது.

“எங்ககிட்ட ஏன்டி சொல்லல?” என்று பிற்பாடு அவளைப் பிடித்து உலுக்கினேன்.

“சொன்னா நீங்க பாவம் பார்ப்பீங்க. பாவம் பார்த்துக் கேக் சாப்பிடறவங்க எனக்கு வேண்டாம்” என்றாள்.

திமிரைப் பாருங்கள். ஆனால் அவள் மனசில் இருந்தது அதுதான். தன்மேல் பரிதாபப்படாத யாராவது ஒருவர், ஒரே ஒருவர், அன்றைக்குத் தன் கையைப் பிடித்து வாழ்த்துச் சொல்லி, தான் சுட்ட கேக்கில் ஒரு துண்டு சாப்பிட வேண்டும். போனில் வருகிற பலூன் படமெல்லாம் கணக்கில் இல்லை. அது நடக்கும்வரை கேக்கைத் தானும் தொடுவதில்லை என்று ஒரு வீம்பு. அந்த வீம்போடுதான் நாள் முழுக்க ஊர் சுற்றிப் பார்த்தாள்.

பஸ்ஸில் இருக்கும்போதே அப்பா கூப்பிட்டுப் பிறந்தநாள் பாட்டைப் பாடினார். அவர் வைத்ததும் அம்மா கூப்பிட்டு அதே பாட்டைப் பாடினார். இரண்டு பேருக்கும் சுருதி சேராது, பாவம். “எல்லாரும் எழுந்துட்டாங்க, கூப்பிடறாங்க, வைக்கிறேன்” என்று இவள் இரண்டு தடவை புளுகினாள். பக்கத்து சீட்டுக்காரர் கண்ணுக்குப் பட்டை கட்டிக்கொண்டு தூங்கினார். அவர் விழித்ததும் ஒரு துண்டு கொடுக்கலாம் என்று டப்பாவை மடியில் வைத்துக்கொண்டு காத்திருந்தாள். ஊர் வந்ததும் மனிதர் பட்டையை அவிழ்த்தார், பையை எடுத்தார், இறங்கிப் போயே போய்விட்டார்.

பிரெமனில் எல்லாரும் முதலில் போகிற இடத்துக்கே இவளும் போனாள். நகர மண்டபத்துக்குப் பக்கத்தில் கழுதைமேல் நாய், நாய்மேல் பூனை, பூனைமேல் சேவல் என்று ஒரு வெண்கலச் சிலை நிற்கிறது. கழுதையின் முன்னங்கால்களைப் பிடித்துக்கொண்டு நினைத்தால் நினைத்தது நடக்கும் என்பார்கள். எத்தனையோ பேர் பிடித்துப் பிடித்துக் கால் இரண்டும் பளபளவென்று தேய்ந்திருக்கிறது. இவள் முறை வந்ததும் வலது கையால் ஒரு காலைப் பிடித்தாள். இடது கையில் கேக் டப்பா. அங்கே சந்தைக்கு வந்திருந்த உள்ளூர்க் கிழவர் ஒருவர் அதைப் பார்த்துவிட்டார்.

“ஏம்மா, ரெண்டு கையாலயும் பிடிக்கணும்! ஒத்தக் கையால பிடிச்சா என்ன அர்த்தம் தெரியுமா? ஒரு கழுதை இன்னொரு கழுதைக்குக் கை கொடுக்குதுன்னு அர்த்தம்!”

வரிசையே கொல்லென்று சிரித்தது. அவளும் சிரித்தாள். டப்பாவைக் கொஞ்சம் பிடிக்கிறீர்களா என்று கேட்கத் திரும்பினால், கிழவர் தன் கீரைக்கட்டோடு நடையைக் கட்டியிருந்தார். பின்னால் நின்றவர்கள் தங்களுக்குள் படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். டப்பாவைக் கீழே வைக்கலாமென்றால் தரையெல்லாம் முதல் நாள் மழையின் ஈரம். ஒதுங்கி அடுத்தவருக்கு வழிவிட்டாள். டப்பாவைப் பிடித்துக்கொள்ள ஓர் ஆள் இல்லையே என்று அப்போதுதான் முதல் தடவையாகத் தோன்றியது என்றாள்.

பக்கத்திலேயே தரையில் ஒரு சின்னத் துவாரம் இருக்கிறது. காசு போட்டால் உள்ளேயிருந்து ஒரு மிருகம் கத்தும். இவள் ஒரு காசு போட்டாள். சேவல் கூவியது. எதிர்பார்க்காததால் வாய்விட்டுச் சிரித்துவிட்டாள். சிரித்துக்கொண்டே சட்டென்று வலது பக்கம் திரும்பினாள், பிறகு இடது பக்கம். யாரும் இல்லை. நாம் சிரிக்கும்போது கூடச் சிரிக்கிற முகத்தைத் தேடித் தலை தானாகத் திரும்பிவிடுகிறது, அது ஒரு கெட்ட பழக்கம். அதற்கு மேல் காசு போடவில்லை.

குறுகலான சந்துகள், பொம்மைக் கடைகள், வாள் பிடித்து நிற்கிற கல் வீரன், பீங்கான் மணிகள் எல்லாவற்றையும் பார்த்தாள். பார்த்தாள் என்று சொல்ல வேண்டியதுதான். அழகான எதைப் பார்த்தாலும் சொல்வதற்கு வாயைத் திறந்து திறந்து மூடினாளாம். மத்தியானம் ஒரு காப்பிக் கடையில் உட்கார்ந்து டப்பாவை மேசைமேல் வைத்தாள். பரிமாறுகிற பெண்ணுக்கும் இவள் வயதுதான் இருக்கும். அவளுக்குக் கொடுக்கலாமே, “இன்னைக்கு எனக்குப் பிறந்தநாள்” என்று ஒரு வார்த்தைதானே, என்று பள்ளிக்கூடத்தில் படித்த ஜெர்மன் மொழியில் வாக்கியத்தை மனசுக்குள் அடுக்கி வைத்தாள். அந்தப் பெண் வந்தாள்.

“வெளியில வாங்கின தின்பண்டத்தை இங்க பிரிக்கக்கூடாதுங்க.”

“இல்லைங்க, இது நானே சுட்டது...”

“வீட்ல சுட்டதுன்னாலும் வெளித் தின்பண்டம்தாங்க. கொஞ்சம் கீழ வச்சிடறீங்களா?”

அவளையும் குறை சொல்ல முடியாது, முதலாளி சொன்னதைச் சொன்னாள். ஹில்கா டப்பாவைக் காலுக்கடியில் வைத்துவிட்டுக் காப்பியைக் குடித்து முடித்தாள். பிறகு ஆற்றங்கரையில் போய் உட்கார்ந்தாள். தனியாக வந்தது சுதந்திரம் என்று காலையில் தோன்றியது. இப்போது நெஞ்சுக்குள் காலி வீட்டில் நடக்கிற மாதிரி சத்தம் கேட்டது. பஸ்ஸுக்கு இன்னும் நேரம் இருந்ததால் மிச்சமிருந்த தேவாலயத்தையும் பார்த்துவிடலாம் என்று எழுந்தாள்.

அங்கே போனால் ஒரே கூச்சல். பெரிய தேவாலயத்தின் படிக்கட்டில் ஒருவன், நெட்டை ஆள், கறுப்புக் கோட்டும் உயரத் தொப்பியும் போட்டுக்கொண்டு பெருக்கிக்கொண்டிருந்தான். முப்பது வயதாகியும் கல்யாணம் ஆகாதவனை அந்த ஊரில் சும்மா விடமாட்டார்கள். பிறந்தநாளன்று அந்தப் படிகளைப் பெருக்கியாக வேண்டும். ஒரு கன்னிப்பெண் வந்து முத்தம் கொடுத்தால்தான் விடுதலை. கூட்டாளிகள் மூட்டை மூட்டையாகப் பாட்டில் மூடிகளைக் கொண்டுவந்து கொட்டினார்கள். விளக்குமாற்றின் கழியைப் பாதியாக அறுத்துக் கொடுத்திருந்ததால் அவன் முதுகு ஒடியக் குனிந்து பெருக்கினான். பெருக்கப் பெருக்கக் கொட்டினார்கள். பக்கத்தில் ஒருவர் கைப்பிடியைச் சுற்றினால் பாட்டு வருகிற வாத்தியப் பெட்டியைச் சுற்றிக்கொண்டிருந்தார்.

“ஹென்னிங், அந்த மூலை! உனக்குப் பொண்ணும் கிடைக்கல, குப்பையும் தெரியலயா?”

“டேய், அறுபது வயசுலயும் இவன் இங்கதான்டா இருப்பான்!”

ஹில்கா கூட்டத்தின் ஓரத்தில் நின்றாள். அவனுக்கும் இன்றைக்குத்தான் பிறந்தநாள். கேலி செய்ய இத்தனை பேர் வேலைவெட்டியை விட்டு வந்திருக்கிறார்கள். கொடுத்துவைத்தவன் என்று நினைத்தாள். பொறாமையாக இருந்தது என்று ஒளிக்காமல் சொன்னாள். கூட்டாளிகளில் ஒருவன் அவளைப் பார்த்துவிட்டான்.

“ஏம்மா டப்பாக்காரி! புண்ணியமாப் போகும், வந்து ஒரு முத்தம் கொடுத்து இவனை விடுவிச்சுவிடு! முதுகு போச்சுங்கிறான்!”

எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். கை தட்டினார்கள். அன்றைக்குக் காலையிலிருந்து முதல் தடவையாக அவள் யாருக்கோ தேவைப்பட்டாள். கன்னம் சிவந்துவிட்டது. ஒரு முத்தம், கலகலப்பு, “எனக்கும் இன்னைக்குத்தான் பிறந்தநாள்” என்ற ஒரு வார்த்தை, கேக்கைத் திறந்தால் இத்தனை கைகள். எல்லாம் கண்முன்னே ஓடியது. படியேறினாள்.

ஏறினவள் நேராக அவனிடம் போயிருக்கலாம். அங்கேதான் எங்கள் ஊர்ப் புத்தி குறுக்கே வந்தது. வழியில் ஒரு அம்மாள், ஐம்பத்தைந்து வயதிருக்கும், ஹென்னிங்கின் மேல்கோட்டையும் பையையும் பிடித்துக்கொண்டு தூண் ஓரமாக நின்றாள். முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது, அதே மூக்கு, அதே நெட்டை. பெற்றவளைத் தாண்டிப் பிறந்தவனுக்கு மட்டும் கை கொடுக்க எங்கள் ஊரில் பிறந்த யாருக்கும் கால் வராது. ஹில்கா நின்று கையை நீட்டினாள்.

“உங்க மகனுக்கு வாழ்த்துகள் அம்மா.”

அந்த அம்மாள் விழித்தாள். “எனக்கா? பிறந்தநாள் அவனுக்கும்மா, அதோ.”

“தெரியும். நீங்க அவங்க அம்மாதானே? உங்களுக்கும் சேர்த்துத்தானே வாழ்த்து?”

பின்னால் ஓவென்று ஒரு சத்தம். திரும்பிப் பார்த்தால் மஞ்சள் கவுன் போட்ட வேறொரு பெண் ஓடிவந்து ஹென்னிங்குக்கு முத்தம் கொடுத்துவிட்டாள். தொப்பி ஆகாயத்தில் பறந்தது. அவ்வளவுதான், அவனுக்கு விடுதலை. ஹில்காவை யாரும் தேடவில்லை. அந்த அம்மாள் மட்டும் அவள் கையை விடாமல் பிடித்துக்கொண்டிருந்தாள்.

“முப்பது வருஷமா இந்தத் தேதியில அவனுக்குக் கேக் வாங்கறேன், பரிசு வாங்கறேன். எனக்கு யாரும் இதைச் சொன்னதில்ல. ஆஸ்பத்திரியில நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். அவன் அப்பா அன்னைக்கு எட்டிக்கூடப் பார்க்கல” என்று சொல்லிவிட்டு, முன்பின் தெரியாத பெண்ணிடம் இதையெல்லாம் சொல்கிறோமே என்று கூச்சப்பட்டுச் சிரித்தாள். கண் கலங்கியிருந்தது.

“அம்மா, எனக்கும் இன்னைக்கு...” என்று ஹில்கா ஆரம்பித்தாள்.

“அம்மா! வா, பீர் நுரை அடங்கிப்போகுது!” என்று மகன் கத்தினான். அவன் கூட்டாளிகள் ஏற்கெனவே சதுக்கத்தைத் தாண்டிக்கொண்டிருந்தார்கள். அந்த அம்மாள் ஹில்காவின் கன்னத்தைத் தட்டிவிட்டு, கோட்டையும் பையையும் சுமந்துகொண்டு ஓடினாள். சதுக்கம் காலியாகிவிட்டது. வாத்தியக்காரர் பெட்டிக்கு உறை போட்டார். ஹில்கா படியில் உட்கார்ந்து அழுதாள். கேக்குக்காகத்தான் அழ ஆரம்பித்தாளாம். பாதியில் அழுகை வேறு பக்கம் போய்விட்டது. தனக்கு ஒருவரும் சொல்லவில்லை என்றுதானே நாள் முழுக்க நினைத்தோம், இன்றைக்கு அம்மாவுக்கு யார் சொல்லியிருப்பார்கள்? வட்டம் இருந்தால்தானே அத்தைகள் வருவார்கள்? அந்த ஒற்றை அறையில் அப்பாவுக்கு யார் கை கொடுத்திருப்பார்கள்? போனை எடுத்து அப்பாவைக் கூப்பிட்டாள்.

“என்னம்மா, வட்டம் முடிஞ்சுதா?”

“அப்பா, உங்க மகளுக்கு வாழ்த்துகள்.”

அவர் தொண்டையைச் செருமினார். “கீழ சைக்கிள் கடைக்காரன்கிட்ட நானே போய்ச் சொன்னேம்மா, இன்னைக்கு என் மகளுக்குப் பிறந்தநாள்னு. ‘அப்படியா’ன்னான். அவன் இத்தாலிக்காரன், அவனுக்கென்ன தெரியும்.”

“அப்பா, நான் வட்டத்துல இல்ல. பிரெமன்ல இருக்கேன். தனியா.”

“தனியான்னா?”

“தனியான்னா தனியாதாம்ப்பா. யார் வீட்டுக்கு வந்தாலும் இன்னொரு வீடு காலியா இருக்குமேன்னுதான்...”

“இப்போ ரெண்டும் காலியாத்தான்மா இருக்கு” என்றார் ஹார்ம். கோபமாகக்கூடச் சொல்லவில்லை. “பஸ் எப்ப வருது?”

அம்மாவிடமும் அதே வாழ்த்தையும் அதே உண்மையையும் சொன்னாள். ரென்ஸ்கா முதலில் அழுதார், அப்புறம் திட்டித் தீர்த்தார். “பிறந்தநாளும் அதுவுமா அநாதை மாதிரி ஊர் சுத்தறியா? அந்தக் கேக்கை யாரு சாப்பிட்டா?”

“யாரும் சாப்பிடலம்மா.”

“பஸ் எப்ப வருது?”

இரண்டு பேரிடமும் ஒரே பஸ்ஸைச் சொல்லிவிட்டோம் என்பது பஸ் கிளம்பின பிறகுதான் உறைத்தது. யாராவது ஒருவரை வராதே என்று சொல்லலாம். யாரை? வழி நெடுக போனைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அது என்ன துணிச்சலோ, அழுத்தமோ, கடைசிவரை யாரையும் தடுக்கவில்லை.

குரோனிங்கன் வந்தபோது வெளிச்சம் நன்றாகவே இருந்தது. கண்ணாடி வழியாகப் பார்த்தாள். நிறுத்தத்தின் இந்தக் கோடியில் சைக்கிளைப் பிடித்துக்கொண்டு அப்பா. அந்தக் கோடியில் கையைக் கட்டிக்கொண்டு அம்மா. ஒருவரையொருவர் பார்த்துவிட்டார்கள், அதனால்தான் இரண்டு பேரும் ஆளுக்கொரு பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு நின்றார்கள். கதவு திறந்தது. எந்தப் பக்கம் முதல் அடி வைத்தாலும் வம்பு. “இறங்கும்மா, கூட்டம் நிக்குதுல்ல!” என்று பின்னாலிருந்து யாரோ கத்தினார்கள். இறங்கினாள். இறங்கின இடத்திலேயே டப்பாவோடு நின்றுவிட்டாள்.

அவர்கள்தான் வந்தார்கள். அப்பா சைக்கிளை உருட்டிக்கொண்டு வந்து கை கொடுத்தார், எங்கள் வழக்கப்படி கன்னத்தில் மூன்று முத்தம் கொடுத்தார். அம்மா கட்டிப்பிடித்துக்கொண்டார். நாள் முழுக்கக் காத்திருந்த வாழ்த்து கிடைத்துவிட்டது, அதுவும் இரண்டாக. ஆனால் அவளுக்கு அது நினைவிலேயே இல்லை. இரண்டு பேருடைய கைகளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறந்தவளுக்குச் சொல்லிவிட்டுப் பக்கத்தில் நிற்கிற பெற்றவளை விட்டுவிட்டுப் போக எங்களில் யாராலும் முடியாது, ஜென்ம விரோதியாக இருந்தாலும் முடியாது. ஹார்ம் கொஞ்ச நேரம் சைக்கிள் மணியைத் தடவிக்கொண்டு நின்றார். பிறகு கையை நீட்டினார்.

“மகளுக்கு வாழ்த்துகள், ரென்ஸ்கா.”

அம்மா அந்தக் கையைப் பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தார்.

“உனக்கும், ஹார்ம்” என்று கையைப் பிடித்தார். பிடித்ததும் விட்டுவிட்டார், அது வேறு விஷயம்.

மூன்று பேரும் நின்றபடியே கேக்கைக் கையால் பிய்த்துச் சாப்பிட்டார்கள். “பட்டை ஜாஸ்தி” என்றார் அம்மா. “சரியாத்தான் இருக்கு” என்றார் அப்பா. யாரும் சண்டைக்குப் போகவில்லை.

“கார்ல ஏறு, இன்னைக்கு ராத்திரி நம்ம வீட்ல படுத்துக்கோ” என்றார் அம்மா.

“சைக்கிள் பின்னாடி உக்காரும்மா, நான் கொண்டுபோய் விடறேன்” என்றார் அப்பா.

“ரெண்டு பேரும் போங்க. நான் நடந்தே போயிக்கிறேன்” என்றாள்.

அம்மாவின் கார் நிற்கிற இடம் ஒரு பக்கம், அப்பாவின் வீட்டுக்குப் போகிற பாதை மறு பக்கம். கொஞ்ச தூரம் போய் அம்மா திரும்பிப் பார்த்தார், மகள் யார் பின்னால் வருகிறாள் என்று. அந்தக் கோடியில் அப்பாவும் திரும்பிப் பார்த்தார். இரண்டு பேருக்கும் கையை ஆட்டிவிட்டு, அவர்கள் மறைகிறவரை ஹில்கா எந்தப் பக்கமும் ஓர் அடிகூட எடுத்து வைக்கவில்லை.